தகுதி இழந்த ஓட்டக்காரன் திரும்ப ஓடலாமா?

தியானப் பகுதி: 2 தீமோத்தேயு 2:1-7, 4:6-11
கூட வாசிக்க: 1 கொரிந்தியர் 9:24-27, அப்போஸ்தலர் 13:13, 15:36-40, கலாத்தியர் 6:1-5



இந்த மாத வேதபாடத்தில் ஒரு ஓட்டக்காரரை உங்கள் முன் நிறுத்துகிறேன். அவர் பெயர் கோவிந்தன் லட்சுமணன். நம்ம கொட்டாம்பட்டியிலிருந்து கிழக்கே சிங்கம்புணரி, பொன்னமராவதி தாண்டிப் போனால் புதுக்கோட்டைச் சீமை. அந்தச் சீமைக்காரர். 1990-ஆம் வருஷம் பிறந்தவர். இந்திய இராணுவத்தில் சேர்ந்து, 5,000 மீட்டர், 10,000 மீட்டர் என்ற நெடுந்தூர ஓட்டங்களில் ஆசிய சாம்பியன் ஆனவர்.

"பாஸ்டர் ஐயா, சபைப் பத்திரிகையில் விளையாட்டுச் செய்தி எதுக்கு?" என்று யாராவது கேட்கலாம். பவுல் அப்போஸ்தலன் கொரிந்து சபைக்கு எழுதும்போது ஏன் ஓட்டப்பந்தயத்தைப் பற்றி எழுதினார்? கொரிந்துப் பட்டணத்துக்குப் பக்கத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இஸ்த்மியப் போட்டிகள் நடந்தன. ஜெயித்தவன் தலையில் பைன் மரத் தழையாலோ செடித் தழையாலோ செய்த மாலையைச் சூட்டுவார்கள். சில நாளில் அது வாடிப்போகும். கொரிந்து விசுவாசிகளுக்கு அந்த மைதானம் தெரியும், அந்த மாலையும் தெரியும். ஜனங்கள் கண்ணால் கண்டதை வைத்தே பவுல் ஆவிக்குரிய பாடம் சொன்னார். ஓடின அந்த வீரர்கள் விசுவாசிகளா என்று அவர் விசாரிக்கவில்லை. அவர்களுடைய ஓட்டத்தில் நமக்கு என்ன பாடம் என்று மட்டும் பார்த்தார். நாமும் அப்படியே பார்ப்போம்.

1. நான்கு நாளில் முப்பத்தேழரைச் சுற்று

2017 ஜூலை மாதம் ஒடிசாவின் புவனேஸ்வரில் ஆசியத் தடகளப் போட்டி நடந்தது. ஜூலை 6-ஆம் தேதி 5,000 மீட்டர் ஓட்டம். 400 மீட்டர் தடத்தில் அது பன்னிரண்டரைச் சுற்று. லட்சுமணன் 14 நிமிஷம் 54.48 விநாடியில் முதலாவதாக வந்தார். தங்கம்! ஜூலை 9-ஆம் தேதி 10,000 மீட்டர். அது இருபத்தைந்து சுற்று. 29 நிமிஷம் 55.87 விநாடி. மறுபடியும் தங்கம்! நான்கு நாளுக்குள் முப்பத்தேழரைச் சுற்று, இரண்டு தங்கப் பதக்கம். அந்தப் போட்டியின் பதக்கப் பட்டியலில் இந்தியா முதலிடத்துக்கு வந்ததில் நம்ம பக்கத்துச் சீமைப் பிள்ளையின் கால்களுக்கும் பங்கு உண்டு.

நம்ம ஊர் வாலிபர்கள் போலீஸ் செலக்ஷனுக்கு விடியற்காலையில் ரோட்டோரம் ஓடுகிறதைப் பார்க்கிறோம். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அந்தத் தூரத்துக்கே எத்தனை பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்! லட்சுமணன் லண்டனில் ஓடின வேகத்தில் 1,500 மீட்டரைக் கடக்க நாலு நிமிஷம் சொச்சம்தான் ஆகும். அதே வேகத்தை 5,000 மீட்டர் வரைக்கும் பிடித்து நிற்க வேண்டும்.

அந்த லண்டன் ஓட்டத்தையும் சொல்கிறேன். புவனேஸ்வரில் தங்கம் வாங்கின அடுத்த மாதமே, 2017 ஆகஸ்டில், அவர் லண்டன் உலகத் தடகளப் போட்டிக்குப் போனார். 5,000 மீட்டர் தகுதிச் சுற்றில் 13 நிமிஷம் 35.69 விநாடி. அதுவரைக்கும் அவர் ஓடினதிலேயே அதுதான் வேகமான ஓட்டம். தங்கம் வாங்கின ஓட்டத்தைக் காட்டிலும் ஒரு நிமிஷம் 18 விநாடிக்கு மேல் சீக்கிரம்! ஆனாலும் அங்கே அவர் இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை.

கவனித்தீர்களா? பதக்கம் வாங்கின நாளில் அவர் அத்தனை வேகமாக ஓடவில்லை. அத்தனை வேகமாக ஓடின நாளில் பதக்கம் இல்லை. மனுஷர் பலகையைப் பார்த்து, யார் முதலாவது என்று கேட்கிறார்கள். கர்த்தரோ, உனக்குக் கொடுத்த பெலத்தில் நீ எவ்வளவு ஓடினாய் என்று பார்க்கிறார். சபையில் மேடை ஊழியம் கிடைக்காத சகோதரியே, அடுப்படியில் நின்று நீ செய்கிற ஜெபம் உன்னுடைய மிகச் சிறந்த ஓட்டமாக இருக்கலாம்!

2. ஜகார்த்தாவில் நடந்தது

2018 ஆகஸ்ட் 26. இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. 10,000 மீட்டர் ஓட்டத்தில் லட்சுமணன் 29 நிமிஷம் 44.91 விநாடியில் மூன்றாவதாக வந்து சேர்ந்தார். வெண்கலம்! 1998-இல் பாங்காக்கில் குலாப் சந்த் வெண்கலம் வாங்கின பிறகு, இருபது வருஷமாக ஆசிய விளையாட்டின் இந்த ஓட்டத்தில் இந்திய ஆண்களுக்குப் பதக்கமே இல்லை. தேசமெங்கும் சந்தோஷச் செய்தி போனது.

சற்று நேரத்துக்குள் அந்தச் செய்தி மாறிப்போச்சு. ஓட்டத்தின் நடுவில் அவருடைய காலடி தடத்தின் உள்விளிம்பைத் தாண்டி விழுந்தது என்று நடுவர்கள் அவரைத் தகுதிநீக்கம் செய்தார்கள். இந்தியத் தரப்பு முறையிட்டுப் பார்த்தது, பலிக்கவில்லை. வெண்கலம் சீன வீரருக்குப் போனது. இருபத்தைந்து சுற்று ஓடின பிறகு, பதக்கப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

அவரைக் குற்றவாளியாக நிறுத்த இதை எழுதவில்லை. மருந்து போட்டு ஓடினார் என்று அவர்மேல் அன்று எந்தக் குற்றச்சாட்டும் இல்லை, யாரையும் தள்ளிவிட்டார் என்றும் இல்லை. கண நேரத்தில் தவறின காலடி, அவ்வளவுதான். ஆனாலும் விதி விதிதான்.

3. அந்த விளிம்பு எதற்கு?

"ஒரு காலடிக்கா இவ்வளவு தண்டனை? அநியாயமல்லவா?" என்று நம் மனம் கேட்கும். அந்த விளிம்பு எதற்காக இருக்கிறது என்று பாருங்கள்.

ஓட்டத் தடத்தின் உட்புறம் ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு வெள்ளை விளிம்பு சுற்றிலும் போகும். 400 மீட்டர் என்ற அளவு, அந்த விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் வெளியே தள்ளி எடுத்தது. ஒருவன் அந்த 30 சென்டிமீட்டரை விட்டுவிட்டு, விளிம்பின்மேலேயே ஓடினால் என்ன ஆகும்? ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.9 மீட்டர் மிச்சமாகும். இருபத்தைந்து சுற்றுக்கு 47 மீட்டர். முழங்கைக்குக் குறைவான ஒரு அளவு, கடைசியில் 47 மீட்டர் ஆகிவிடுகிறது! கூட ஓடுகிற எல்லாருக்கும் அது அநியாயம். ஆகவே எல்லாரும் ஒரே தூரம் ஓட வேண்டும் என்பதற்காகவே அந்த விளிம்பு. ஓடுகிறவர்களைப் பகைத்து யாரும் அதை வைக்கவில்லை.

2 தீமோத்தேயு 2:5-ஐ எடுத்து வாசியுங்கள். பந்தயத்தில் இறங்கினவன் எவ்வளவு பெலசாலியாக இருந்தாலும், அதற்குரிய ஒழுங்கைக் கைக்கொள்ளாவிட்டால் அவனுக்கு மகுடம் கிடையாது என்று பவுல் தன் பிள்ளையைப்போன்ற தீமோத்தேயுவுக்குச் சொல்கிறார். 1 கொரிந்தியர் 9:27-இலோ இன்னும் ஒரு படி போகிறார். அநேகருக்குப் பிரசங்கித்த தானே கடைசியில் தள்ளப்பட்டுவிடக் கூடாதே என்று பயந்து, தன் சரீரத்தை அடக்கி நடத்துவதாக எழுதுகிறார். பவுலுக்கே அந்தப் பயம் இருந்தால், எனக்கும் உனக்கும் எவ்வளவு வேண்டும்!

ஆகவே விளிம்பை அழிக்க வேண்டாம். "இந்தக் காலத்தில் இதெல்லாம் பார்க்கக் கூடாது" என்று பாவத்துக்குச் சமாதானம் சொல்லுகிறவன் ஓட்டக்காரனுக்குச் சிநேகிதன் அல்ல. சீட்டுப் பணத்தில் சின்னப் பொய், கடைக் கணக்கில் சின்னக் குறைவு, யாருக்கும் தெரியாமல் கைபேசியில் ஒரு பார்வை. ஒவ்வொன்றும் 30 சென்டிமீட்டர்தான். இருபத்தைந்து சுற்று முடியும்போது எவ்வளவு தூரம் விலகியிருப்போம்?

4. விழுந்தவனை நாம் என்ன செய்கிறோம்?

இதுவரைக்கும் எல்லாரும் ஆமென் சொல்லுவீர்கள். இனிமேல் சொல்வதற்குத்தான் கொஞ்சம் மனத்தாழ்மை வேண்டும்.

லட்சுமணனுக்கு அந்தப் பதக்கம் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் அதே 2018-இல் அப்போதைய மத்திய விளையாட்டு அமைச்சர் ராஜ்யவர்தன் சிங் ரத்தோர் அவரை அழைத்து, 10 லட்ச ரூபாய் கொடுத்து கௌரவித்தார். நடுவர்கள் தப்புச் செய்தார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. முடிவு முடிவாகவே நின்றது. ஆனால் அந்த மனுஷனை வெட்கத்தோடு தனியே விட்டுவிடவில்லை. விதியையும் மதித்தார்கள், வீரனையும் மதித்தார்கள்.

உலகத்தாருக்கு இது தெரிந்திருக்கிறது. நமக்குத் தெரிந்திருக்கிறதா?

கிராமங்களில் இருக்கிற நம் சபைகளின் நிலைமை எனக்குத் தெரியும். ஒரு சகோதரன் குடியை விட்டு, ஞானஸ்நானம் எடுத்து, சாட்சி சொல்லி, மூன்று வருஷம் நன்றாக ஓடுகிறான். ஒரு கல்யாண வீட்டில், பழைய கூட்டாளிகள் நடுவில், மறுபடியும் குடித்துவிடுகிறான். மறுநாள் காலையில் ஊருக்கே தெரிந்துபோகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வர அவனுக்குக் கால் வரவில்லை. நாமும் போய்க் கூப்பிடவில்லை. பஸ் ஸ்டாப்பில் எதிரே வந்தால், ஸ்தோத்திரம் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். "அவன் பின்மாற்றக்காரன்" என்ற ஒரே வார்த்தையில் அவன் கதையை முடித்துவிடுகிறோம். அவன் பெண்டாட்டி மட்டும் பின்வரிசையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். பிள்ளைகள் ஓய்வுநாள் பள்ளிக்கு வருவதும் நின்றுபோகிறது.

ஒரு காலடி தவறினதற்காக, ஒரு முழு வீடே மைதானத்துக்கு வெளியே போய்விட்டது. இது அந்தச் சகோதரன் தவறு மட்டும்தானா?

கலாத்தியர் 6:1-ஐப் பாருங்கள். தவறினவனைச் சாந்தமான ஆவியோடே சீர்ப்படுத்தும்படி பவுல் எழுதுகிறார். அங்கே மூலபாஷையாகிய கிரேக்கில் வருகிற வார்த்தை, செபெதேயுவின் குமாரர் படவில் இருந்து வலைகளைப் பழுதுபார்த்தார்கள் என்று மாற்கு 1:19-இல் வருகிற அதே வார்த்தை. கிழிந்த வலையை மீன்காரன் வெட்டி எறிகிறதில்லை. மடியில் போட்டு, கண்ணி கண்ணியாக முடிபோடுகிறான், மறுபடியும் கடலில் இறக்குகிறான். சீர்ப்படுத்துவது என்றால் அதுதான். அது நின்றுகொண்டு பேசுகிற பேச்சு அல்ல, உட்கார்ந்து செய்கிற வேலை.

5. ஒரே நிருபத்தில் விதியும் கிருபையும்

இப்போது இந்த மாதப் பாடத்தின் நடுப்பகுதிக்கு வருகிறோம். பந்தய விதியைப் பற்றிச் சொன்ன அதே இரண்டாம் தீமோத்தேயு நிருபத்தின் கடைசி அதிகாரத்தைத் திறவுங்கள். அங்கே மூன்று ஓட்டக்காரர் இருக்கிறார்கள்.

முதலாவது, பவுல் (4:7,8). மரணம் பக்கத்தில் நிற்கிறது. ஓட வேண்டியதை ஓடி முடித்தாயிற்று என்ற நிம்மதியோடு கிரீடத்துக்குக் காத்திருக்கிறார்.

இரண்டாவது, தேமா (4:10). இவன் காலடி தவறினவன் அல்ல. உலகத்தின்மேல் ஆசை வைத்து, தானே மைதானத்தை விட்டு நடந்துபோனவன்.

மூன்றாவது, மாற்கு (4:11). தீமோத்தேயு வரும்போது மாற்குவையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறார் பவுல். ஊழியத்துக்கு அவன் பிரயோஜனமானவன் என்று காரணமும் சொல்கிறார்.

யார் இந்த மாற்கு? அப்போஸ்தலர் 13:13-இல், முதல் ஊழியப் பிரயாணத்தில், பம்பிலியா நாட்டுப் பெர்கேயில் பாதி ஓட்டத்திலேயே விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பினவன். 15-ஆம் அதிகாரத்தில் அடுத்த பிரயாணத்துக்கு அவனைச் சேர்த்துக்கொள்ளப் பவுல் சம்மதிக்கவே இல்லை. தகுதிநீக்கம்! அதினால் பவுலும் பர்னபாவும் கடுமையாக முட்டிக்கொண்டு பிரிந்தே போனார்கள். பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறி சீப்புரு தீவுக்குப் போனார்.

அதற்குப் பிறகு பர்னபாவின் ஊழியத்தைப் பற்றி அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு வரியும் இல்லை. பலகையில் அவர் பெயர் இல்லாமல் போயிற்று. ஆனால் கொலோசெயர் 4:10-இல் வந்து பாருங்கள், மாற்கு பவுலோடு இருக்கிறான். அவன் உங்களிடம் வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பவுலே சிபாரிசு பண்ணுகிறார். பெர்கேயில் திரும்பிப்போனவன், ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து, பவுலின் கடைசி நாட்களில் தேவைப்படுகிறவனாக நிற்கிறான். இரண்டாவது சுவிசேஷத்துக்கு இவன் பெயரே இருக்கிறது. அல்லேலூயா!

விதியைச் சொன்ன பவுல், 2:5-ஐ அழித்துவிட்டு 4:11-ஐ எழுதவில்லை. இரண்டும் ஒரே கையெழுத்து, ஒரே நிருபம். அன்று மாற்கு விட்டுப்போனது தவறுதான். அந்தப் பிரயாணம் அவனுக்குத் திரும்பக் கிடைக்கவும் இல்லை. ஆனால் இழந்தது அந்த ஓட்டத்தை. ஓட்டக்காரன் என்ற அழைப்பை அவன் இழக்கவில்லை.

6. அடுத்த வருஷமும் மைதானம் உண்டு

உலக மைதானத்திலும் இதற்கு ஒரு நிழல் உண்டு. 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர் இறுதி ஓட்டம். எத்தியோப்பியாவின் முக்தார் எட்ரிஸ் நான்காவதாக வந்தார். தடத்தின் உள்விளிம்பைத் தாண்டினதற்காக அவரும் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். லட்சுமணனுக்கு வந்த அதே காரியம். அவர் வீட்டில் உட்கார்ந்துவிட்டாரா? அடுத்த வருஷம் 2017-இல் லண்டனில், லட்சுமணன் தன் வேகமான ஓட்டத்தை ஓடின அதே போட்டியில், பேர்பெற்ற மோ ஃபாராவை ஜெயித்து எட்ரிஸ் உலக சாம்பியன் ஆனார். 2019-இல் தோஹாவில் மறுபடியும் அவரே சாம்பியன்.

விதியை எழுதினவர்களும் பின்னாட்களில் அதைச் சற்றுத் தளர்த்தினார்கள். வளைவில் ஒரே ஒரு தடவை காலடி விளிம்பைத் தாண்டி, அதனால் ஓடுகிறவனுக்கு ஆதாயமோ மற்றவனுக்கு இடைஞ்சலோ இல்லாவிட்டால், தகுதிநீக்கம் இல்லை என்று வைத்தார்கள். 2018-இல் அந்தச் சலுகை இல்லை. விளிம்பு அப்படியே இருக்கிறது. தவறிப்போனவனுக்கும் ஏமாற்றுகிறவனுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கப் பழகினார்கள். தேமாவுக்கும் மாற்குவுக்கும் உள்ள வித்தியாசம் சபைக்கும் தெரிய வேண்டும், பிரியமானவர்களே!

லட்சுமணன் விட்டுப்போன சுதந்தரம் என்ன? ஜகார்த்தாவில் கைக்கு எட்டினது போனாலும், இந்த ஓட்டத்தில் இந்தியன் மேடை ஏற முடியும் என்று பின்னால் வந்தவர்கள் கண்டுகொண்டார்கள். 2023-இல் சீனாவின் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அதே 10,000 மீட்டரில் கார்த்திக் குமார் வெள்ளியும், குல்வீர் சிங் வெண்கலமும் வாங்கினார்கள். அவர் பிறந்த புதுக்கோட்டைச் சீமையிலிருந்தே எல். சூர்யா என்ற சகோதரி 2016-இல் குவாஹாட்டியில் நடந்த தெற்காசிய விளையாட்டில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கியிருக்கிறார். வானம் பார்த்த பூமி என்று நாம் சொல்லுகிற இந்தச் சீமைகளிலிருந்து தேவன் ஓட்டக்காரரை எழுப்ப முடியும் என்றால், ஆவிக்குரிய ஓட்டக்காரரையும் எழுப்புவார்!

7. நாம் செய்ய வேண்டியது

ஒன்று: உன் காலடியைக் கவனி. கலாத்தியர் 6:1-இன் பின்பாதி, சீர்ப்படுத்தப் போகிறவனுக்கும் எச்சரிப்புக் கொடுக்கிறது. அடுத்த வளைவில் தவறுவது நம் கால்களாக இருக்கலாம்.

இரண்டு: நீ தவறியிருந்தால், மறைக்காதே. கர்த்தரிடத்திலும், அநியாயம் செய்த மனுஷரிடத்திலும் அறிக்கைசெய்து ஒப்புரவாகு. போன ஓட்டம் போனதுதான். அடுத்த ஓட்டத்துக்குக் கச்சையைக் கட்டு. கோழி கூவினபோது மனங்கசந்து அழுத பேதுருவுக்காகக் கடற்கரையில் நெருப்பு மூட்டி, அப்பமும் மீனும் வைத்துக் காத்திருந்த ஆண்டவர் (யோவான் 21) இன்றைக்கும் மாறாதவர்.

மூன்று: ஒரு பர்னபாவாக இரு. இந்த வாரம் ஒரே ஒரு வீட்டுக்குப் போ. "ஏன் வரல?" என்று விசாரணை வேண்டாம். "உங்களைப் பார்க்கணும்னு வந்தோம்" என்று சொல்லு. அவர்கள் கொடுக்கிற காப்பித் தண்ணியைக் குடி. கூட உட்கார்ந்து ஜெபி. உன் பெயர் பலகையில் வராமல் போகலாம், பரவாயில்லை. பர்னபா பெயரும் வரவில்லை. ஆனால் ஒரு மாற்கு எழும்பினான்.

வீட்டில் கலந்துபேச:
1. பவுல் மாற்குவை மறுத்தது சரியா? பர்னபா சேர்த்துக்கொண்டது சரியா? இரண்டும் தேவைப்பட்டிருக்குமா?
2. தேமாவுக்கும் மாற்குவுக்கும் உள்ள வித்தியாசம் என்ன?
3. ஒரு வருஷத்துக்கு மேலாகச் சபைக்கு வராத இரண்டு பேரை நினைவில் கொண்டுவாருங்கள். அவர்களை யார், எப்போது போய்ப் பார்ப்பது?

ஜெபக் குறிப்பு: நம் சபையை விட்டுத் தூரமாய்ப் போனவர்களுக்காக இந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஒவ்வொருவர் பெயரையும் தேவனிடத்தில் சொல்லி ஜெபிப்போம். நம் நாவிலிருந்து அவர்களைப் பற்றின புறங்கூறுதல் அன்றோடு ஒழியட்டும். நமக்கு முன்பாக ஓடின இயேசுவை நோக்கி (எபிரெயர் 12:2) யாவரும் சேர்ந்து ஓடக் கர்த்தர் தாமே கிருபை செய்வாராக. ஆமென்.